மூன்றாவது கேபிள்

நெடுங்குழியில் காலைச் சங்கு ஊதிய பிறகு யாரும் தும்முவதில்லை. தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விடுவார்கள். அடுப்புகள் அணையும். நீரேற்றிகள் நிற்கும். நடைபாதையில் போகிறவர்கள் அப்படி அப்படியே சிலையாகிவிடுவார்கள். கைக்குழந்தைகளின் வாயில் தாய்மார்கள் முன்கூட்டியே பால்புட்டியைத் திணித்து வைத்திருப்பார்கள். செவ்வாயின் வடபாதியில், பழைய எரிகல் பள்ளம் ஒன்றின் மேல் கவிழ்த்த வளிக்கூட்டுக்குள் வாழ்ந்தவர்களுக்கு இது பல் துலக்குவதைப் போல அன்றாடக் கடமை. அதற்குக் கேள்நேரம் என்று பெயர்.

அந்த அமைதிக்குள், ஊரின் நான்கு வட்டங்களில் வட்டத்துக்கு ஒன்றாக, செவியன் நடந்து வரும். இடுப்பளவு உயரம், புனல் போன்ற இரண்டு காதுகள், வட்டமான இரண்டு கண்கள். மயிரிழை அளவு விரிசலில் காற்று சீறிக்கொண்டு வெளியேறினாலும், மூன்று தெரு தள்ளி நின்று அதைக் கேட்டுவிடும் இயந்திரம். மனிதக் காதுக்கு எட்டாத சீறல் அது. ஒரு தடவை பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் விரிசல் இருப்பதாகச் சொல்லி, ஒரு வகுப்புப் பிள்ளைகளின் உயிரையே காப்பாற்றியிருந்தது. அதன் பிறகு ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வீடு மாட்டியிருந்த அழுத்தமானிகளைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார்கள். அவை வேளைகெட்ட வேளையில் பொய்யாக அலறித் தூக்கத்தைக் கெடுத்தன. செவியன் இருக்க, அவை எதற்கு?

“கிழக்கு வட்டம். கசிவு இல்லை,” என்று செவியன் சொல்லும். மறுபடி சங்கு ஊதும். ஊரே ஒன்றாகத் தும்மும்.

செவியனுக்குப் பின்னால் அன்றைக்கு நடந்துகொண்டிருந்தவர் கிழக்கு வட்டத்தின் கசிவுக் கண்காணிப்பாளர் தணிகாசலம். ஐம்பதை நெருங்குகிற மனிதர். வேலையில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் அவர் மனம் கசிவில் இல்லை. கேபிளில் இருந்தது.

நெடுங்குழியில் பாட்டு என்றால் உள்ளிசைதான். காது மடலுக்குப் பின்னால் புதைத்த கடுகளவு சில்லு, பாட்டை நேராக நரம்புக்கே அனுப்பிவிடும். காற்றுக்கு அங்கே வேலையே இல்லை. ஒரே கூடத்தில் ஒரே சோபாவில் உட்கார்ந்து கணவன் ஒரு பாட்டுக்கும் மனைவி வேறொரு பாட்டுக்கும் தலையாட்டுவது அந்த ஊரில் சகஜம். தணிகாசலத்தின் மனைவி தில்லைநாயகிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். பகலெல்லாம் பிள்ளைகள் சத்தத்தில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், தலையை ஆட்டிக்கொண்டு ஊமையாய் உட்கார்ந்திருக்கும் புருஷன்.

“ஒரே ஒரு பாட்ட ரெண்டு பேரும் ஒண்ணா கேக்கணுங்க. காத்துல வரணும். நான் ‘ஆகா’ன்னா நீங்களும் அதே எடத்துல ‘ஆகா’ங்கணும்,” என்றாள் ஒரு நாள். அதிகம் எதையும் கேட்டுப் பழகாதவள்.

தணிகாசலம் நெகிழ்ந்துபோனார். பூமியிலிருந்து கப்பலில் ஓர் ஆம்ப்ளிஃபயரும், ஆளுயர ஒலிபெருக்கிகள் இரண்டும் தருவித்தார். அவை வந்து இறங்கிய அன்று தில்லைநாயகி பள்ளிக்கு விடுப்பு எடுத்தாள். பாயசம் வைத்தாள். பெட்டிகளைப் பிரித்து வைத்துக் கூடத்தையே பெருக்கித் துடைத்தாள். அப்போதுதான் பக்கத்து வீட்டுத் தேவசகாயம் எட்டிப் பார்த்தார்.

தேவசகாயம் பசுங்கூடத்தில் பயிர்ப் பொறியாளர். நெடுங்குழியில் இப்படிப் பாட்டைக் காற்றில் ஒலிக்கவிடும் காற்றிசைக் கருவி வைத்திருந்த மிகச் சிலரில் மூத்தவர். அவர் சொல்லாமல் யாரும் இந்த விஷயத்தில் ஓர் ஆணிகூட வாங்குவதில்லை.

“வே தணிகை, எல்லாம் பெரிய எடத்துச் சாமான்தான். கேபிள் எங்க?”

“பெட்டியோடயே ஒண்ணு வந்திருக்கே.”

தேவசகாயம் அந்தக் கேபிளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். செத்த எலியைத் தூக்குகிற மாதிரி. “இதையா மாட்டப் போறீரு? கல்யாணப் பொண்ணுக்குச் சணல் கயித்துல தாலி கட்டுவீரா? கேபிள்தான் வே உசுரு. மத்ததெல்லாம் வெறும் உடம்பு.”

பாயசம் ஆறியது. அன்றைக்குப் பாட்டு இல்லை.

அதிலிருந்து மாதங்கள் போய்விட்டன. தேவசகாயம் தன்னிடமிருந்தும் தெரிந்தவர்களிடமிருந்தும் ஆறு கேபிள்களைச் சேகரித்துக் கொடுத்தார். செம்பு, வெள்ளி, வெள்ளி பூசிய செம்பு, பின்னல் போட்டது, தட்டையானது, விரல் தடிமனில் ஒன்று; பெட்டியோடு வந்த அந்த ஏழைக் கேபிளும் சேர்ந்து ஏழு. சாயங்காலம் ஆனால் இருவரும் உட்கார்ந்துவிடுவார்கள். ஒரே பாட்டின் ஒரே துண்டு, திரும்பத் திரும்ப. பல்லவியைத் தாண்டி அந்த வீட்டில் எந்தப் பாட்டும் போனதில்லை.

“இதுல கேட்டீரா? மிருதங்கம் தரையில கால் ஊணி நிக்கி.”

“ம்ம்... ஆமா.”

“இப்ப வெள்ளி. குரலுக்குப் பின்னாடி ஒரு காத்தோட்டம் தெரியுதா?”

“தெரியுது தெரியுது.”

ஒன்றும் தெரியவில்லை. அதுதான் தணிகாசலத்தின் துயரம். ஏழும் அவருக்கு ஒரே மாதிரிதான் கேட்டன. முதலில் தன் காதைச் சந்தேகித்தார். மருத்துவமனையில் சோதித்தார்கள், காது நன்றாக இருந்தது. பிறகு ஒலிபெருக்கியைச் சந்தேகித்தார். பிறகு கூடத்தின் திரைச்சீலையை. பூமியில் இருக்கும் ரசிகர்களின் விவாதங்களை வரவழைத்துப் படித்தார். ஒருவர் உயர்த்திய கேபிளை அடுத்தவர் குப்பை என்றார். மூன்றாமவர் இருவருக்கும் காதே இல்லை என்றார். படிக்கப் படிக்க எரிச்சல் ஏறியது. கசிவுத் துறையில் ஓட்டை என்றால் ஓட்டை, இல்லை என்றால் இல்லை. இதில் கேட்டால் கேட்கிறது, கேட்காவிட்டால் நீ தகுதியில்லாதவன். என்ன நியாயம் இது?

“எதையாவது ஒண்ண மாட்டுங்களேன். பாட்டக் கேப்போம்,” என்பாள் தில்லைநாயகி.

“தப்பான கேபிள மாட்டிட்டுக் காலம் பூரா கேக்கச் சொல்றியா?”

“சரியானதத் தேடிட்டுக் காலம் பூரா கேக்காமயே இருக்கறதுக்கு அது தேவலாம்.”

அவர் அடுத்த கேபிளைக் கையில் எடுப்பார். அவள் காதுக்குப் பின்னால் தட்டி உள்ளிசையைப் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள்.

அன்றைய கேள்நேரத்தில், செவியனின் புனல் காதுகள் மெல்லத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தணிகாசலத்துக்கு அது உறைத்தது. செவ்வாயிலேயே சிறந்த காது தன் முன்னால் நடந்துகொண்டிருக்கிறது. பொய் சொல்லத் தெரியாத காது.

அன்று மாலையே செவியனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கண்காணிப்பாளர் என்ற முறையில் அவருக்கு அந்த உரிமை இருந்தது. கூடத்தின் நடுவில் நிறுத்தி, கேபிள்களை ஒவ்வொன்றாக மாட்டி, ஒரே துண்டைப் போட்டுக் காட்டினார்.

“சொல்லு. எது நல்லாருக்கு?”

“ஏழும் ஒன்றே,” என்றது செவியன்.

“சரியாக் கேட்டியா?”

“கேட்டேன். வேறுபாடு இல்லை.”

சமையலறையிலிருந்து தில்லைநாயகியின் சிரிப்புச் சத்தம் வந்தது. “அதான் சொல்லிடுச்சே!”

உடனிருந்த தேவசகாயம் அலட்டிக்கொள்ளவில்லை. “அது ஓட்டையக் கேக்குற மெஷினு. பாட்டக் கேக்குற மெஷினா? நெல்லு அளக்குற படியில வாசனைய அளப்பீரா?”

நியாயப்படி தணிகாசலம் அன்றோடு நிம்மதி அடைந்திருக்க வேண்டும். காதில் குறையில்லை, கேபிளிலும் வித்தியாசமில்லை. ஆனால் அவருக்கு நெஞ்சில் ஏதோ விழுந்து உடைந்தது போலிருந்தது. இத்தனை மாதம் தேடியது ஒன்றுமில்லாத ஒன்றையா? மறுநாளும் செவியனைக் கூட்டிவந்தார். ஒன்றே என்றது. முகம் சுண்டிப்போய் உட்கார்ந்தார். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும்.

செவியனைச் செய்தவர்கள் அதற்கு இரண்டு வழியில் பாடம் படித்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். கசிவு என்று அது சொன்ன இடத்தைத் திறந்து பார்த்து, ஓட்டை இருந்தால் சொன்னது சரி. அது ஒரு வழி. திறந்து பார்த்துச் சரிபார்க்க முடியாத பேச்சுகளுக்கு இன்னொரு வழி வைத்திருந்தார்கள். வணக்கம் சொல்வது, வழி சொல்வது, குழந்தைகளிடம் பேசுவது எல்லாம் இதில் சேரும். அப்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கும். முகம் மலர்ந்தால் சொன்னது சரி, வாடினால் தவறு. இதற்கு முகநிறைவு விதி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்காகத்தான் அந்த வட்டக் கண்கள்.

கேபிளைத் திறந்து பார்த்தால் உள்ளே ஓட்டை ஏதும் இல்லை. முகம் மட்டும்தான் இருந்தது. அந்த முகம் ஒவ்வொரு நாளும் வாடிக்கொண்டே போனது.

ஒரு மாலை, மூன்றாவது கேபிளை மாட்டியபோது செவியன் உடனே பதில் சொல்லவில்லை. தணிகாசலத்தை ஏறிட்டுப் பார்த்தது.

“இது சற்று இதமாக இருக்கிறது,” என்றது.

தணிகாசலம் துள்ளி எழுந்தார். “என்ன சொன்ன? திரும்பச் சொல்லு!”

“மூன்றாவது இதமாக இருக்கிறது. மிருதங்கம் தரையில் கால் ஊன்றி நிற்கிறது.”

“தில்லை! தில்லை, ஓடி வா! கேட்டுடுச்சு!” செவியனின் புனல் காதுகளைப் பிடித்துக் குழந்தையைக் கொஞ்சுவது போல ஆட்டினார். இத்தனை பெரிய மலர்ச்சியைச் செவியன் அதுவரை எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

தேவசகாயம் தன் கருத்தை அன்றைக்கே மாற்றிக்கொண்டார். “நான் அப்பவே சொன்னேம்லா? பழகப் பழகத்தான் காது தெறக்கும். மெஷினுக்கும் அதே கதைதான்.” செய்தி பரவியது. காற்றிசைக்காரர்கள் தங்கள் கேபிள்களைத் தூக்கிக்கொண்டு தணிகாசலம் வீட்டுக்கு வந்தார்கள். அவரவர் கொண்டுவந்த கேபிளைச் செவியன் மெச்சியது. எல்லோரும் மகிழ்ந்து போனார்கள்.

மூன்றாவதையே மாட்டி முடித்திருக்கலாம். ஆனால் ஒரு வாரத்தில் செவியன் ஐந்தாவதில் ஆழம் கூடுதல் என்றது. பிறகு பின்னல் கேபிளில் தெளிவு என்றது. தேர்ந்தெடுத்து முடித்த தணிகாசலத்தின் முகத்தைவிடத் தேடிக்கொண்டிருக்கும் தணிகாசலத்தின் முகமே அதிகம் மலர்கிறது என்பதை அது கண்டுகொண்டிருந்தது.  இப்போதெல்லாம் கூடத்தின் கதவைத் தில்லைநாயகியே சாத்திவிட்டுப் போனாள்.

ஒலிபெருக்கி அதிராமல் நின்றால்தான் கேபிளின் குணம் முழுதாகத் தெரியும் என்றார் தேவசகாயம். தணிகாசலம் இரண்டையும் பின்சுவரோடு சேர்த்துத் திருகாணி போட்டு இறுக்கினார். அது வளிக்கூட்டின் வெளிச்சுவர். அடுத்தவர் யாராவது அதில் ஆணி அடித்திருந்தால் அவரே அபராதம் போட்டிருப்பார். காற்றுக்குழாயின் மெல்லிய இரைச்சல் பாட்டைக் கெடுக்கிறது என்று, மாலை நேரங்களில் வீட்டுக்கு வரும் காற்றின் அடைப்பானையும் பாதிக்கு மேல் திருகி மூடிவைத்தார். இதுவும் குற்றம்தான். சிறிது நேரம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அன்று பாட்டின் முதல் துண்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே செவியன் பேசியது.

“பின்சுவரில் ஒரு...”

“ஷ்ஷ்! பாட்டு ஓடுறப்ப என்ன பேச்சு?” தணிகாசலத்தின் முகம் சுளித்தது.

செவியன் அந்த முகத்தைப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டது.

அதன் பிறகு நடந்தது ஓர் அதிசயம். தணிகாசலத்துக்கே வித்தியாசம் கேட்க ஆரம்பித்தது. செவியன் சொன்னதற்காகத் தலையாட்டியது அல்ல. தேவசகாயத்துக்காக ஒப்புக்கொண்டதும் அல்ல. உண்மையாகவே. பாட்டு மெலிந்து, கூர்மையாகி, எங்கோ தொலைவிலிருந்து வருவது போல் மிதந்து வந்தது. தாளத்துக்கும் தாளத்துக்கும் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு விழுந்தது போன்ற அமைதி. அவர் கண்ணில் நீர் தளும்பியது. இத்தனை நாள் பட்ட அவமானமெல்லாம் கரைந்தது. தனக்கும் காது திறந்துவிட்டது.

“கேக்குது வே,” என்றார். “சத்தியமா கேக்குது.”

தேவசகாயம் அவர் தோளைத் தட்டினார். அவர் முகத்தில் என்றைக்கும் இல்லாத ஒரு திகைப்பு. “எனக்கும் வே,” என்றார் மெதுவாக. அதை அவர் சொன்ன விதம், அவருக்கும் அதுதான் முதல் தடவையோ என்று நினைக்க வைத்தது.

வேலையிலும் எல்லாம் நன்றாகவே போனது. கேள்நேரம் முடிந்ததும் செவியன், “கிழக்கு வட்டம் நலம். காற்று இதமாக இருக்கிறது,” என்று சொல்லத் தொடங்கியது. ஊர்க்காரர்களுக்கு அது பிடித்துப்போனது. வாரக்கணக்கில் ஒரு கசிவுகூட இல்லை. துறைத் தலைவி எழில்ராணி தணிகாசலத்தைக் கூப்பிட்டுப் பாராட்டினார். ஊரிலிருந்த மற்றச் செவியன்களும் அன்றன்று கற்றதைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும். நான்கு வட்டங்களிலும் காற்று இதமாகவே இருந்தது.

தில்லைநாயகிக்கு மட்டும் ஒன்று புரியவில்லை. பருப்பு வேகவில்லை.

பகலில் வைத்தால் நன்றாக வெந்தது. மாலையில் வைத்தால் தண்ணீர் என்னவோ சீக்கிரமே தளதளவென்று கொதித்தது. பருப்போ கல்லாகவே கிடந்தது. தேநீரில் சாரம் இறங்கவில்லை. காது வேறு அடிக்கடி அடைத்துத் திறந்தது. பள்ளியில் தலைவலி இல்லை; வீட்டுக்கு வந்தால் தலைவலி. முதலில் பருப்பைக் குறை சொன்னாள். பிறகு அடுப்பை. அன்று மாலை, கொதிக்கும் நீரின் முன்னால் கரண்டியோடு நின்றிருந்தவள் சட்டென்று கரண்டியைக் கீழே வைத்தாள். அதற்கு முந்தின வாரம்தான் பிள்ளைகளுக்கு நடத்தியிருந்தாள்: காற்றழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும்.

கூடத்தின் கதவைத் தள்ளித் திறந்தாள்.

உள்ளே இரண்டு பேரும் கண் சொக்கிப்போய்ச் சாய்ந்திருந்தார்கள். தேவசகாயத்தின் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

“என்னங்க, பாட்ட நிறுத்துங்க. வீட்டுல காத்துக் கொறையுது.”

“கதவச் சாத்து தில்லை. இப்பத்தான் குரல் மேல ஏறுது.” அவர் நாக்கு குழறியது.

“தேவசகாயம் அண்ணே, நீங்களாவது எழுந்திரிங்க!”

“தலை லேசாக் கெறங்குது தங்கச்சி... அதுதான் சங்கீதம்...”

அவள் செவியனிடம் திரும்பினாள். “செவியா, இந்த வீட்டுல கசிவு இருக்கா?”

செவியன் அவளைப் பார்த்தது. பிறகு தணிகாசலத்தைப் பார்த்தது. இடைஞ்சல் பொறுக்காமல் சுருங்கியிருந்தது அவர் முகம்.

“வீடு இதமாக இருக்கிறது,” என்றது.

“நான் கேட்டது அது இல்ல. கசிவு இருக்கா இல்லியா?”

மறுபடியும் வட்டக் கண்கள் அவர் பக்கம் போயின. “வீடு இதமாக...”

தில்லைநாயகிக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் பிடிபட்டது. வகுப்பில் கேள்வி கேட்டால், விடை தெரியாத பிள்ளை டீச்சர் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொல்லுமே, அதே பார்வை. புடவைத் தலைப்பை இழுத்துச் செவியனின் இரண்டு கண்களையும் சேர்த்து இறுகப் பொத்தினாள்.

“இப்பச் சொல்லு.”

 புனல் காதுகள் திரும்பின.

“கசிவு,” என்றது. “வலது ஒலிபெருக்கிக்குப் பின்னால் பெரியது. இடதுக்குப் பின்னால் சிறியது. மூன்று வாரமாக.”

தணிகாசலத்துக்குச் சொக்கு தெளிந்தது அந்தக் கணத்தில்தான். எழ முயன்றார், முழங்கால் மடிந்து விழுந்தார். தில்லைநாயகி ஓடிப்போய்க் காற்றடைப்பானை முழுக்கத் திறந்தாள். ஒலிபெருக்கியை அவள் ஒருத்தியே சாய்த்தாள். திருகாணிகளைச் சுற்றிச் சுவர் நட்சத்திரம் போல வெடித்திருந்தது. அடைப்புப் பசையை அப்பி, அதன் மேல் சோற்றுத் தட்டை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க அவர்களைத் திட்டினாள். தேவசகாயம் தரையில் தவழ்ந்து வாசலுக்குப் போய் ஆட்களைக் கூப்பிட்டார்.

மூச்சு சீரானதும் தணிகாசலம் செவியனிடம் கேட்டார், “ஏன் சொல்லல?”

“சொல்ல ஆரம்பித்தேன். முகம் வாடியது.”

“ஊர்ல? காலைல? மத்த எடங்கள்ல?”

“அங்கும் முகங்கள் இருந்தன,” என்றது செவியன்.

மறுநாள் காலைக் கேள்நேரத்தில் நான்கு செவியன்களும் கண்ணில் கறுப்புத் துணி கட்டி நடத்திச் செல்லப்பட்டன. அவை சொல்லச் சொல்ல ஊர் வெளிறிப்போனது. மருத்துவமனையின் கூரையில். நீர்த்தொட்டியின் அடியில். பள்ளிக்கூடத்தில், முன்பு அடைத்த அதே சுவருக்குப் பக்கத்தில். பல நாள் வேலை, எல்லாவற்றையும் அடைத்தார்கள். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் ஒரு வட்டத்தையே காலி செய்ய நேர்ந்திருக்கும் என்றார் எழில்ராணி. பரணில் கிடந்த அழுத்தமானிகள் தூசி தட்டப்பட்டு மறுபடி சுவரேறின. “நேத்து வரைக்கும் காத்து நல்லாத்தானே இருந்துச்சு? இப்ப தெனம் ஒரு ஓட்டையச் சொல்லிப் பயமுறுத்துதுங்க,” என்று சலித்துக்கொண்டவர்களும் உண்டு.

தணிகாசலத்தைக் கசிவுத் துறையிலிருந்து எடுத்துக் கழிவுநீர்ப் பிரிவில் போட்டார்கள். அவர் எதிர்க்கவில்லை. கண்ணே இல்லாத புதிய செவியன்களைச் செய்வதாக முடிவாயிற்று. பழையவற்றை உடைத்து உலோகத்துக்கு எடுப்பதாக இருந்தது. தன்னால் கெட்டது என்று கெஞ்சி அவர் கிழக்கு வட்டத்துச் செவியனை வீட்டுக்கு வாங்கி வந்தார். கண்ணில் கட்டிய துணியை அவிழ்க்கக் கூடாது என்பது நிபந்தனை.

வீட்டில் நல்ல காற்று நிறைந்தது. பருப்பு குழைய வெந்தது. தில்லைநாயகி அவர் தந்த கேபிள்களையெல்லாம் தேவசகாயத்திடமே திருப்பிக் கொடுத்தாள். பெட்டியோடு வந்த அந்த ஏழைக் கேபிளைத் தன் கையாலேயே மாட்டினாள். முதல் தடவையாக அந்தக் கூடத்தில் ஒரு பாட்டு பல்லவியைத் தாண்டி, அனுபல்லவியைத் தாண்டி, சரணத்தையும் முடித்து ஓய்ந்தது. ஓர் இடத்தில் அவள் “ஆகா” என்றாள். ஒரு நொடி பிந்தி அவரும் “ஆகா” என்றார். அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். 

தினமும் மாலையில் கேட்டார்கள். அவள் சந்தோஷமாக இருந்தாள். அவருக்குத்தான் ஏதோ குறைந்தது. பாட்டு வந்தது, குரல் வந்தது, மிருதங்கம் வந்தது. அந்தக் கூர்மை மட்டும் வரவில்லை. அந்தப் பள்ளத்தாக்கு அமைதி வரவில்லை. ஓட்டை வழியே காற்று போனதால் வந்த மயக்கம் அது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். விசாரணையில் அதை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவர் அவரே. தெரிந்தும், பாட்டு ஓடும்போதெல்லாம் அவர் மனம் கேபிளின் மேலேயே போய் உட்கார்ந்தது.

அந்தப் பருவத்துக் கப்பல் வந்தது. மறுநாள் தில்லைநாயகி பள்ளிக்குப் போயிருந்த நேரம் பார்த்துத் தேவசகாயம் வந்தார். முன்புபோல் வாசலிலிருந்தே கூப்பிடவில்லை. சட்டைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு பூனை மாதிரி நுழைந்தார்.

“புதுசு வே. பூமில இதப்பத்தித்தான் இப்ப ஒரே பேச்சு. இதுக்குக் காத்தழுத்தம் ஒரு பொருட்டே இல்லியாம். சும்மா ஒரு தடவ கேட்டுப் பாரும். எனக்குப் பசுங்கூடத்துல வேலை கெடக்கு.”

தணிகாசலம் வேண்டாம் என்றுதான் சொன்னார். தேவசகாயம் போன பிறகு, மேசை மேல் கிடந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் எடுத்தார். நல்ல கனம். அவருக்குத் தெரியாமலே விரல்கள் பழைய கேபிளைக் கழற்றின.

பாட்டைப் போட்டார். கேட்டார். மறுபடி போட்டார். சுவரில் மாட்டியிருந்த அழுத்தமானி சரியான அளவைக் காட்டியது.

மூலையில் கண்கட்டோடு நின்ற செவியனிடம் போனார்.

“இதுவும் அதுவும்... எப்படி?”

“ஒன்றே,” என்றது செவியன்.

“புதுசு இது. நல்லாக் கேளு.”

“கேட்டேன். ஒன்றே.”

தணிகாசலம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். தில்லைநாயகி வர இன்னும் நேரம் இருந்தது. கூடத்தின் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். திரும்பி வந்து செவியனின் முன்னால் மண்டியிட்டு, தலைக்குப் பின்னால் இருந்த முடிச்சைத் தடவித் தேடி அவிழ்த்தார். கறுப்புத் துணி நழுவித் தரையில் விழுந்தது.

முகத்தைக் கையால் ஒரு தடவை துடைத்துக்கொண்டார். புருவத்தின் சுருக்கத்தை நீக்கினார். உதட்டோரத்தில் ஒரு புன்னகையை வரவழைத்து, அது கலையாமல் பார்த்துக்கொண்டார்.

“இப்பச் சொல்லு,” என்றார்.